மோட்டார் வண்டித் தூக்கிகள்: வீட்டுக் கொட்டகைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்தல்

மோட்டார் வண்டி வைத்திருப்போருள் பலர் அதன் சிறு பராமரிப்பு வேலைகளைத் தாமே வீட்டில் செய்துகொள்ள விரும்புகின்றனர். எஞ்சின் எண்ணெயை மாற்றுதல், சக்கரங்களை இடம் மாற்றிப் பூட்டுதல், பிரேக்கைப் பார்வையிடுதல், அடித்தகட்டில் துரு ஏறியுள்ளதா என ஆராய்தல் ஆகியன இத்தகைய வேலைகளாகும். பட்டறை வசதியற்ற ஊர்களில் ஜீப்பைக் கொண்டு பணியாற்றும் களப்பணியாளருக்கோ இவை விருப்பத்தின்பாற்பட்டவையல்ல, அன்றாடத் தேவைகள். இவ்வேலைகளுக்கெல்லாம் முதற்படி வண்டியை நிலத்தினின்று உயர்த்துவதே.

முன்னர்ப் பெரிய பட்டறைகளில் மட்டுமே காணப்பட்ட தூக்கிகள் இப்பொழுது சிறிய உருவில், இடம் மாற்றி வைக்கத்தக்க முறையில், வீட்டு உபயோகத்திற்கும் விற்கப்படுகின்றன. வாங்க வருவோர் பொதுவாக மூன்று கேள்விகளைக் கேட்பர்: எவ்வளவு பளுவைத் தூக்கும்? எவ்வளவு உயரம் தூக்கும்? விலை என்ன? மூன்றும் கேட்கத் தக்கவையே. ஆயினும் இம்மூன்றிற்கும் முன்னர்க் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உயர்த்தப்பட்ட வண்டியைத் தாங்கி நிற்பது எது? அதன் அடியில் படுத்து வேலை செய்பவரின் உயிர் இதற்குரிய விடையைப் பொறுத்தது. ஆதலின் இக்கட்டுரையில் தூக்கிகள் இயங்கும் முறையை முதலிலும், அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பின்னரும் காண்போம்.

திரவம் பளுவைத் தூக்கும் முறை

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம் குறைவின்றி எல்லாப் பக்கங்களிலும் பரவும் என்பது பாஸ்கலின் விதி. பிளேஸ் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் (1623–1662) இதனை ஆராய்ந்து நிறுவினார். இவ்விதியைப் பெரும் பளுவைக் கையாளும் யந்திரமாக ஆக்கியவர் ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர். அவர் 1795-ஆம் ஆண்டில் நீரழுத்த யந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார்.

ஒரு கணக்கினால் இதனை எளிதில் விளக்கலாம். பம்பின் சிறு உந்துதண்டு 1 சதுர செண்டிமீட்டர் பரப்புடையது என்றும், பளுவைத் தாங்கும் பெரிய உந்துதண்டு 15 சதுர செண்டிமீட்டர் பரப்புடையது என்றும் கொள்வோம். கைப்பிடி நெம்புகோல் விசையைப் பத்து மடங்காக்கித் தருகிறது. கையினால் 10 கிலோகிராம் விசை செலுத்தினால் சிறு உந்துதண்டின்மீது 100 கிலோகிராம் விசை விழும். எண்ணெயில் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டருக்கும் 100 கிலோகிராம் அழுத்தம் உண்டாகிறது. அதுவே பெரிய உந்துதண்டின் 15 சதுர செண்டிமீட்டரிலும் செயற்படுவதால் 1,500 கிலோகிராம் பளு மேலெழுகிறது.

இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை. சிறு உந்துதண்டு 3 செண்டிமீட்டர் இறங்கினால் பெரியது 2 மில்லிமீட்டர் மட்டுமே உயரும். வண்டியை 15 செண்டிமீட்டர் உயர்த்த 75 முறை அடிக்கவேண்டும். விசையில் பெற்ற ஆதாயத்தைத் தூரத்தில் செலுத்தித் தீர்க்கிறோம். மின்சாரப் பம்பு பொருத்தப்பட்ட தூக்கியில் இந்த உழைப்பை மோட்டார் ஏற்கிறது, விதி மாறுவதில்லை.

இவ்வமைப்பில் மிகவும் மெலிந்த உறுப்பு எது? தடித்த எஃகு உருளையன்று. உந்துதண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமே. பிராமாவின் காலத்திலும் இவ்விடுக்கில் நீர் கசிந்ததே பெரும் தொல்லையாக இருந்தது. அழுத்தம் மிகுந்தோறும் தானே இறுகும் தோல் வளையத்தை அமைத்து அத்தொல்லையைத் தீர்த்தவர் அவரது பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே என்பர். இன்று தோலின் இடத்தில் ரப்பர் வந்துள்ளது. எனினும் சில ரூபாய் விலையுள்ள ஒரு வளையத்தின் பொறுப்பிலேயே ஒரு டன் எடையுள்ள வண்டி நிற்கிறது என்னும் உண்மை மாறவில்லை. வளையம் தேய்ந்தாலும், வால்வில் ஒரு மணல் துகள் அகப்பட்டாலும், வெளிக்குழாய் வெடித்தாலும் எண்ணெய் வெளியேறும், வண்டி இறங்கும். சில வேளைகளில் மெல்ல இறங்கும். சில வேளைகளில் கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கும்.

ஜாக்கியில் எண்ணெய் குறைந்தால் பிரேக்கிற்குரிய எண்ணெயை ஊற்றுவோர் உளர். இது தவறு. பிரேக் திரவம் வேறு வகையைச் சார்ந்தது. ஜாக்கியின் ரப்பர் வளையங்களை அது ஊதச்செய்து கெடுத்துவிடும். ஜாக்கிக்கென விற்கப்படும் எண்ணெயையே இடவேண்டும்.

உயர்த்துவது வேறு, தாங்குவது வேறு

மேற்கூறியவற்றினின்று பெறப்படும் விதி இதுவாகும்: எண்ணெய் உயர்த்தலாம், எஃகே தாங்கவேண்டும்.

நல்ல தூக்கிகளில் இதற்கென இயந்திரப் பூட்டு உண்டு. சட்டம் உயரும்போது எஃகுத் தண்டு ஒன்று படிப்படியாக அமைந்த பற்களின்மீது ஏறிச் செல்லும். வேண்டிய உயரத்திற்குச் சற்று மேல்வரை உயர்த்திப் பின்னர்ச் சிறிது இறக்கினால் தண்டு ஒரு பல்லில் அமர்ந்துகொள்ளும். அதன் பிறகு பளு முழுவதும் எஃகின் வழியாகத் தரையைச் சேரும், எண்ணெய்க்கு வேலையில்லை. இவ்விடத்தில் கவனிக்கவேண்டுவது ஒன்று உண்டு. பூட்டு இருக்கிறது என்பது போதாது; வண்டி அதன்மீது இறக்கி அமர்த்தப்பட்டிருத்தல் வேண்டும். உயர்த்தியவுடன் பம்பை நிறுத்திவிட்டு அடியில் நுழைபவர் பூட்டு இருந்தும் எண்ணெயையே நம்பியிருக்கிறார்.

சாதாரண ஜாக்கிகளில் இத்தகைய பூட்டு இல்லை. ஆகவே ஜாக்கியினால் உயர்த்திய வண்டியின் அடியில் எஃகு ஸ்டாண்டுகளை நிறுத்தி, வண்டியை அவற்றின்மீது இறக்கியமர்த்திய பின்னரே வேலையைத் தொடங்கவேண்டும். வண்டியுடன் கொடுக்கப்படும் கத்தரி ஜாக்கி பழுதடைந்த சக்கரத்தை மாற்றுவதற்கு மட்டும் உரியது. செங்கல், சிமெண்டுக் கட்டி ஆகியவற்றின்மீது வண்டியை நிறுத்துதல் கூடவே கூடாது. ஒரு முனையில் குவியும் பளுவினால் அவை முன்னறிவிப்பின்றிப் பொடியாகிவிடும்.

ஸ்டாண்டுகளையும் ஆராய்ந்தே வாங்கவேண்டும். 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 3 டன், 6 டன் எனக் குறிக்கப்பட்ட எஃகு ஸ்டாண்டுகள் சுமார் 17 லட்சம் விற்பனையாளரால் திரும்பப் பெறப்பட்டன. பற்களில் நாக்கு சரிவரப் பொருந்தாத சில ஸ்டாண்டுகள், பளுவைத் தாங்கியிருக்கும்போது அசைக்கப்பட்டால் திடீரெனத் தாழக்கூடும் என்று கண்டறியப்பட்டதே காரணம். மாற்றாக வழங்கப்பட்டவற்றிலும் ஒரு பகுதி வெல்டிங் குறையினால் அவ்வாண்டிலேயே திரும்பப் பெறப்பட்டது. பல்லும் நாக்கும் உள்ள ஸ்டாண்டைக் கடையிலேயே ஒவ்வொரு பல்லிலும் நிறுத்தி, ஆழமாக அமர்கிறதா என்று பார்த்தல் நன்று. துளைகளின் ஊடே தடித்த முளையைச் செருகும் ஸ்டாண்டில் இக்கவலை குறைவு. வீட்டிற்கு வந்தபின், வண்டியை ஸ்டாண்டுகளில் அமர்த்தியதும், ஆள் அடியில் செல்வதற்கு முன் வண்டியின் பக்கத்தைக் கையினால் தள்ளிப் பார்க்கவேண்டும். விழுவதாயின் அப்பொழுதே விழட்டும்.

தூக்கிகளின் வகைகள்

பாட்டில் ஜாக்கி சிறியது, வலியது, விலை குறைந்தது. ஆனால் மடக்கிய நிலையிலேயே அது ஏறக்குறைய 16 முதல் 20 செண்டிமீட்டர் உயரமுடையது. காற்று இறங்கிய சிறு காரின் அடியில் நுழையாது. ஜீப்பிற்கும் வேனுக்குமே பொருந்தும்.

சக்கரங்களில் உருளும் ட்ராலி ஜாக்கி தாழ்வாக நுழைந்து சுமார் 35 செண்டிமீட்டர்வரை உயர்த்தும். இதன் கை நேராக மேலே செல்வதில்லை. ஒரு வட்டத்தின் வில்லைப்போல் வளைந்து உயர்கிறது. அதனால் வண்டி உயர உயர, ஜாக்கி அதன் அடியை நோக்கிச் சிறிது உருண்டு செல்லவேண்டும். தரை மண்ணாகவோ சரளையாகவோ இருப்பின் சக்கரங்கள் புதைந்து ஜாக்கி நகராது நிற்கும். அப்பொழுது தாங்குதட்டு வண்டியின் விளிம்பிலிருந்து நழுவும். ட்ராலி ஜாக்கிக்கு வழுவழுப்பான கெட்டித்தரை இன்றியமையாதது என்பதன் காரணம் இதுவே.

இரட்டைச் சட்டத் தூக்கி அண்மைக்காலத்தில் பரவிவருகிறது. நீண்ட தாழ்வான இரு எஃகுச் சட்டங்கள் வண்டியின் இருபுறமும் அடியில் செருகப்படும். ஒரு சிறு மின்சாரப் பம்பு இரண்டையும் ஒருங்கே உயர்த்தும். ஏறக்குறைய அரை மீட்டர் உயரம் கிடைக்கும். வண்டியின் நடுப்பகுதி முழுவதும் திறந்திருப்பது இதன் சிறப்பு. வேலை முடிந்ததும் சட்டங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிடலாம்.

கத்தரித் தூக்கி சுமார் ஒரு மீட்டர் உயர்த்தும். அமர்ந்து வேலை செய்ய வசதியானது. ஆனால் அதன் கால்கள் வண்டியின் நடுவே நிற்பதால் கியர்ப் பெட்டியை அணுகுதல் கடினம். இடம் மாற்றத்தக்கது எனப்பட்டாலும் கனமானது. தனி உருளை வண்டியின் உதவியின்றி நகராது.

சாய்வுத் தூக்கி வண்டியின் ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்திச் சாய்த்து நிறுத்துகிறது. அடித்தகட்டிலுள்ள துருவைச் சுரண்டுவதற்கும் வர்ணம் பூசுவதற்கும் ஏற்றது. எஞ்சின் எண்ணெய், பெட்ரோல், பேட்டரி அமிலம் ஆகியவை சிந்தக்கூடுமாதலால் பழகியவர்க்கே உரியது.

தூக்கி வேண்டாம், பள்ளமே போதும் என்பாரும் உளர். பட்டறைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை அது. வண்டி தன் சக்கரங்களின்மீதே நிற்பதால் விழும் அச்சம் இல்லை. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. பள்ளத்தில் இறங்கித் தேங்கும். சமையல் வாயுவில் ஓடும் வண்டியிலிருந்து கசியும் வாயுவும் அவ்வாறே. ஒரு சிறு பொறி போதும், தீப்பற்றிக்கொள்ளும். காற்றோட்டம் இல்லாத வீட்டுக் கொட்டகையில் பள்ளம் தோண்டுதல் விரும்பத்தக்கதன்று.

தரையை ஆராய்தல்

தூக்கியைத் தேர்ந்தெடுக்குமுன் தரையை ஆராயவேண்டும். நம் நாட்டில் வீட்டுக் கொட்டகைகளின் தரை ஒரே வகையானதன்று. ராஜஸ்தானத்தில் கோட்டா கல்லும், கர்நாடகம், தெலங்கானா, மராட்டியம் ஆகிய பகுதிகளில் ஷாஹாபாத் கல்லும் பாவப்படுகின்றன. வேறிடங்களில் சிமெண்டுத் தளம், ஓடு, ஒன்றோடொன்று கோக்கும் சிமெண்டுக் கற்கள், வெறும் மண் ஆகியவற்றைக் காணலாம். பாவுகல்லின் கீழே சாந்து நிரம்பாத வெற்றிடம் இருப்பின் பளு தாங்காது கல் உடையும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் வெற்றிடமுள்ள இடம் பறையொலி தரும், அவ்விடத்தை விலக்கவேண்டும்.

பல வீடுகளில் தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் கார் நிறுத்தும் இடத்திற்கு நேர்க்கீழே அமைக்கப்பட்டுள்ளன. நான்கு சக்கரங்களில் பரவிய பளுவைத் தாங்கும் மூடுதளம், ஜாக்கியின் சிறு அடியில் குவியும் பளுவைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. தொட்டியின்மேல் எந்தத் தூக்கியையும் வைத்தலாகாது.

பரப்பிற்கும் அழுத்தத்திற்கும் உள்ள தொடர்பை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். 10 செண்டிமீட்டர் சதுர அடியுள்ள ஜாக்கி 500 கிலோகிராம் பளுவைத் தாங்கும்போது தரையின் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டரும் 5 கிலோகிராம் ஏற்கிறது. அதனடியில் 30 செண்டிமீட்டர் சதுரமுள்ள தடித்த பலகையை இட்டால் அது சுமார் 0.55 கிலோகிராமாகக் குறைகிறது. மண் தரையில் ஜீப்பை உயர்த்த நேரும் களப்பணியாளர் இத்தகைய பலகையொன்றை வண்டியிலேயே வைத்திருத்தல் நலம். மழைக்காலத்து வண்டல் நிலத்திலும் வறண்ட மணலிலும் ஜாக்கி ஒருபுறமாகச் சாய்வதை இது பெரிதும் தடுக்கும். எனினும் அத்தகைய தரையில் சக்கரம் மாற்றலாமே யன்றி அடியில் நுழைதல் தகாது.

மழைநீர் வடிவதற்காக நம் கொட்டகைகளின் தளம் தெருவை நோக்கிச் சரிவாக அமைக்கப்படுகிறது. நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவில் 1,000 கிலோகிராம் வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 25 கிலோகிராம். சமதளத்தில் அத்தகைய வண்டியை உருட்டப் பத்துப் பதினைந்து கிலோகிராம் விசையே போதும் என்பதை நோக்கின், கண்ணுக்குப் புலப்படாத சரிவும் வண்டியை ஓடச்செய்யும் என்பது விளங்கும். மேஸ்திரியின் ரசமட்டத்தையோ நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயையோ கொண்டு சரிவை அளந்தறியலாம்.

சக்கரத்திற்கு முட்டுக்கட்டை

ஓடும் தேரை நிறுத்தச் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடுவதை நாம் கண்டிருக்கிறோம். வண்டியை உயர்த்தும்போதும் அதுவே நம்பகமான காப்பு. கைப்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களையே பிடிக்கும். பின்பக்கத்தை உயர்த்தினால் தரையிலிருக்கும் முன்சக்கரங்களுக்குப் பிரேக் இல்லை. முன்சக்கரங்களால் ஓடும் காரைக் கியரில் நிறுத்தினால் போதாதா எனின், இரு முன்சக்கரங்களும் தரையிலிருக்கும்வரை அது உதவும். ஒன்று மட்டும் உயர்ந்துவிட்டால், டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதியின் இயல்பினால் உயர்ந்த சக்கரம் பின்னோக்கிச் சுழன்று தரையிலுள்ளதை முன்னோக்கி உருளவிடும். ஆதலின் தரையில் எஞ்சி நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்த பின்னரே ஜாக்கியைத் தொடவேண்டும்.

பளு, உயரம், மின்சாரம்

சிறு கார் 750 முதல் 900 கிலோகிராம் எடையும், நடுத்தரக் கார் 1,000 முதல் 1,300 கிலோகிராமும், ஜீப்பினத்து வண்டிகள் 1,600 கிலோகிராமும் அதற்கு மேலும் எடையுடையன. ஒரு மூலையை உயர்த்தும் ஜாக்கி இதில் ஒரு பகுதியையே ஏற்கும். வண்டி முழுவதையும் உயர்த்தும் தூக்கி எல்லாவற்றையும் ஏற்கும். வண்டியின் எடையினும் கால் பங்கேனும் மிகுந்த திறனுள்ளதை வாங்குதல் தகும். குறியீட்டையும் கூர்ந்து நோக்கவேண்டும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்பட்ட கருவியில் 1 டன் என்பது 907 கிலோகிராம் மட்டுமே. 3 டன் எனப்படுவது 2,720 கிலோகிராம் அளவேயாகும். ஸ்டாண்டுகளில் குறிக்கப்பட்ட திறன் ஒன்றிற்கா, இணைக்கா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

வண்டியை எங்குப் பிடித்து உயர்த்துவது என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது. தனிச் சட்டத்தின்மீது அமைந்த ஜீப்பைச் சட்டத்தில் தாங்கலாம். இன்றைய கார்களுட் பெரும்பாலானவற்றிற்குத் தனிச் சட்டம் இல்லை. பக்கவிளிம்பில் வலுப்படுத்திய நான்கு இடங்களே தாங்குமிடங்கள். பேட்டரியால் ஓடும் காரில் தளத்தின் கீழே பேட்டரிப் பெட்டி பரந்திருப்பதால் அதன்மீது ஜாக்கி படாதிருக்க மிகவும் எச்சரிக்கை வேண்டும். வண்டியுடன் வரும் கையேட்டில் தாங்குமிடங்கள் படத்துடன் காட்டப்பட்டிருக்கும்.

கூரையையும் மறத்தலாகாது. 1.8 மீட்டர் உயரமுள்ள ஜீப்பை ஒரு மீட்டர் தூக்கினால் 2.8 மீட்டர் வேண்டும். மின்விசிறியும் விளக்கும் அதற்குள் அடங்குமா என்று முன்னரே அளக்கவேண்டும். மின்சாரப் பம்பு நம் நாட்டின் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்கு உரியதாதல் வேண்டும். 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்ட மோட்டாரை வாங்குதல் வீண். ஈரத்தரையில் நின்று கையாளும் கருவியாதலால் நில இணைப்பு இன்றியமையாதது. எந்தத் தரவிதிப்படி சோதிக்கப்பட்டது என்பதையும் கேட்கவேண்டும். ஐரோப்பாவில் ஜாக்கிகளுக்கு இ.என். 1494 என்னும் விதியும், வண்டித் தூக்கிகளுக்கு இ.என். 1493 என்னும் விதியும் உள்ளன.

எதனை வாங்குவது?

ஆண்டிற்கு நான்கைந்து முறை எண்ணெய் மாற்றவும் சக்கரங்களைக் கழற்றவும் மட்டுமே விரும்புவோர்க்குத் தூக்கி தேவையில்லை. ஒரு நல்ல ட்ராலி ஜாக்கி, நான்கு ஸ்டாண்டுகள், நான்கு முட்டுக்கட்டைகள் ஆகியவை போதும். வாரந்தோறும் வண்டி வேலையில் ஈடுபடுவோர்க்கும், மாணவர்க்குத் தொழில் கற்பிக்கும் நிலையங்களுக்கும் கெட்டியான சமதளம் இருப்பின் இயந்திரப் பூட்டுள்ள இரட்டைச் சட்டத் தூக்கி ஏற்றது. தரை சரியில்லாதவர் தூக்கிக்குச் செலவிடும் பணத்தை முதலில் தரைக்குச் செலவிடுதல் அறிவுடைமை. பணம் குறைவாயின் ஜாக்கியில் சிக்கனம் காட்டலாம், ஸ்டாண்டில் காட்டலாகாது. ஜாக்கி பழுதானால் வேலை நிற்கும். ஸ்டாண்டு பழுதானால் நிகழ்வதை ஈடுசெய்ய இயலாது.

வகுப்பில் செய்துகாட்ட

ஆசிரியர்கள் இதனை எளிதில் சோதனையாகச் செய்துகாட்டலாம். ஊசியில்லாத மருந்து ஏற்றும் குழல்கள் இரண்டு, ஒன்று சிறியதும் மற்றொன்று பெரியதுமாக எடுத்துக்கொள்க. இரண்டையும் மெல்லிய ரப்பர்க் குழாயால் இணைத்துக் காற்றுக் குமிழி இன்றி நீரை நிரப்புக. பெரிய குழலை நிமிர்த்தி நிறுத்தி, அதன் உந்துதண்டின்மீது ஒரு புத்தகத்தை வைத்துச் சிறியதை அழுத்தினால் புத்தகம் உயரும். இரு தண்டுகளின் விட்டங்களையும் அவை நகர்ந்த தூரங்களையும் மாணவரே அளந்து, விசையின் ஆதாயத்தைக் கணக்கிடட்டும்.

அதன் பின்னர், உயர்ந்த புத்தகத்தின் அடியில் எதனையும் வையாமல் ரப்பர்க் குழாயைப் பிடுங்குக, புத்தகம் விழும். மீண்டும் உயர்த்தி, இம்முறை இருபுறமும் மரக்கட்டைகளை நிறுத்திப் புத்தகத்தை அவற்றின்மீது அமர்த்தியபின் குழாயைப் பிடுங்குக. நீர் மேசையில் சிந்தும்; புத்தகம் இருந்த இடத்திலேயே இருக்கும்.